அரை மணி நிறுத்தம்

ஜூன் 11, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

நான்தான், உங்கள் தம்பி மகள். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்பதாவது. உயரம் கொஞ்சம் கூடியிருக்கிறது, பயம் அப்படியே இருக்கிறது என்று அப்பா சொல்வார்.

இந்தக் கடிதம் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பும் பார்சலை அப்பா பிரிக்காமல் அலமாரி மேலே போட்டுவிடுவார். தூக்கியும் எறிய மாட்டார். அதன் மேல் இருந்த உங்கள் தொழிலாளர் அலுவலக விலாசத்தைத்தான் எழுதி எடுத்தேன். பார்சலை நான் பிரிக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன், புத்தகம் போல இருந்தது.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். தூக்கம் வருகிற ஒருவரைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது எப்படி? உங்கள் அலுவலகத்தில் இப்படிப்பட்ட ஆட்களைத்தான் தினமும் பார்ப்பீர்கள் என்பதால் கேட்கிறேன்.

அப்பா இப்போது வேறு கம்பெனியில் இரவு பஸ் ஓட்டுகிறார். இரவு ஒன்பதரைக்குப் புறப்பட்டால் காலையில்தான் அந்த ஊர் போய்ச் சேரும். பகல் அங்கே, மறுபடி இரவு அங்கிருந்து இங்கே. வீட்டுக்கு வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். போன வியாழக்கிழமை சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். ரோட்டின் நடுவில் ஒரு பெரிய மரம் நின்றதாம். பிரேக்கை அழுத்தினாராம். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் திட்டினார்களாம். பார்த்தால் மரமே இல்லையாம். "மரத்துக்கும் டிக்கெட் போட்டிருக்கணும்"னார். அம்மா சிரித்தாள். நான் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டேன்.

நான் என்னால் முடிந்ததைச் செய்கிறேன். இரவு ஒன்றரை மணிக்கு வண்டி சாப்பாட்டுக் கடையில் நிற்கும். அம்மா பகல் முழுக்கத் துணிக்கடையில் நின்றுவிட்டு வருவதால் படுத்ததும் தூங்கிவிடுவாள். அவள் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டு, வண்டி கிளம்பும்வரை பேசிக்கொண்டே இருப்பேன். பள்ளிக்கூடத்துக் கதை சொல்வேன், விடுகதை போடுவேன். பேச்சு கொடுத்தால் தூக்கம் போகும் அல்லவா? ஆனால் விடுகதைகள் தீர்ந்துகொண்டே வருகின்றன. ஒன்றரை வரைக்கும் நானும் விழித்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதத்தை இப்போது எழுதுகிறேன்.

அத்தை, காலில் விழுந்து கேட்கிறேன். சட்டம் எதுவும் செய்துவிடாதீர்கள். போன தடவை நடந்தது போதும். வழி மட்டும் சொல்லுங்கள். பதிலைக் கீழே உள்ள விலாசத்துக்கு எழுதுங்கள். என் பெஞ்சுத் தோழியின் வீடு. அலுவலக முத்திரை போட்ட உறையில் மட்டும் வேண்டாம்.

அம்மா புரண்டு படுத்தாள். நிறுத்துகிறேன்.

உங்கள் மருமகள்


ஜூன் 17

மருமகளே,

உறையில் முத்திரை இல்லை, பார்த்துக்கொள். கடையில் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் எனக்குக் கல்யாணப் பத்திரிகை உறையைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்.

முதலில் ஒரு வாக்கு. நீ சொல்லாமல் நான் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டேன். நகர்த்தவும் முடியாது. உங்கள் ஊர் இப்போது என் பொறுப்பில் இல்லை. போன தடவைக்குப் பிறகு என்னை இங்கே மாற்றிவிட்டார்கள். தவிர, சொந்தத் தம்பி வேலை செய்யும் கம்பெனியை நான் ஆய்வு செய்வது முறையும் இல்லை. ஆகவே பயப்படாமல் எழுது.

தூக்கம் வருகிறவனைத் தூங்கவிடாமல் வைக்க வழி கேட்டிருக்கிறாய். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரிந்து அப்படி ஒரு வழி கிடையாது. முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், மிளகாய் கடிப்பார்கள், தொடையைக் கிள்ளுவார்கள். தூக்கம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

எனக்குச் சிலது தெரிய வேண்டும். வண்டி ஓடும்போது அவன் போனை எடுக்கிறானா? எடுத்தால் இன்றிரவே நிறுத்து, மற்றதைப் பிறகு பேசுவோம். அந்த ஊரில் பகலில் எங்கே படுக்கிறான்? வாரத்தில் ஒரு நாளாவது வீட்டில் இருக்கிறானா, அல்லது இருப்பதாகப் பேருக்குத்தானா?

புத்தகம்தான் அது. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் வேறு வேறு. பிரிக்காமல் வைத்திருக்கிறான் என்று எழுதியதை நான் மூன்று முறை படித்தேன்.

அத்தை


ஜூன் 22, இரவு

அத்தைக்கு,

வண்டி ஓடும்போது அப்பா போனைத் தொடவே மாட்டார். நிறுத்தத்தில் மட்டும்தான் பேசுவார். அதுவும் நான் கூப்பிட்டு முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிடுவார்.

அந்த ஊரில் எங்கே படுக்கிறார் என்று முந்தாநாள் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "பஸ்ஸுலதான். கடைசி சீட்டு முழுக்க எனக்குத்தான். பகல் பூரா ரெஸ்ட்டு, ராஜா மாதிரி"னு சொன்னார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வண்டியைக் கழுவி விட வேண்டும். மேலே ஏற்றும் பார்சல் பத்து மணியிலிருந்து வர ஆரம்பிக்கும், எண்ணி வாங்க வேண்டும். போன மாதம் பேட்டரி திருடு போனதால் வண்டியை விட்டு நகரக் கூடாது என்று ஷெட் மேனேஜர் சொல்லியிருக்கிறார். வெயிலில் பஸ் தகரம் கொதிக்கும் என்பதால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாராம். "ஒரு வேலையும் இல்ல, சும்மாதான் உக்காந்திருக்கேன்"னு அப்பாவே சொல்கிறார். அப்படியானால் அது ஓய்வுதானே?

வாரத்தில் ஒருநாள் லீவு உண்டு. அன்றைக்கு மேனேஜர் போன் செய்வார். "ஒரே ஒரு டிரிப்பு மட்டும்ப்பா." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். எக்ஸ்ட்ரா டிரிப்புக்குப் பேட்டா தருவார்கள். இந்த வீட்டு வாடகை அந்தப் பேட்டாவில்தான் போகிறது.

நான் இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் இரவில் தனியாக உட்கார்ந்திருந்தால் கோபம் வருகிறது. பழைய கம்பெனியில் நீங்கள் வந்து கேள்வி கேட்டீர்கள். ஒரு டிரைவரை இவ்வளவு நேரம் ஓட்ட விடக் கூடாது என்று எழுதினீர்கள். அவர்கள் இன்னொரு டிரைவரைப் போடவில்லை, அந்த இரவு வண்டியையே நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. என் பள்ளிக்கூடம் மாறியது. இரண்டு அறை வீடு ஒரு அறை ஆனது. அப்பாவைத் தூங்க வைக்க வந்தீர்கள். அதற்கப்புறம் ஆறு மாதம் அவர் தூங்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நான் பக்கத்தில்தான் படுத்திருப்பேன், எனக்குத் தெரியும்.

இப்போதும் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டார். 'சட்டம்' என்றுதான் சொல்வார். டிவியில் யாராவது சட்டம் என்று பேசினால், "உங்கத்தை வந்துட்டாங்க, நாற்காலி எடுத்துப் போடு" என்பார்.

கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். அனுப்புகிறேன்.

மருமகள்


ஜூன் 29

மருமகளே,

கிழிக்காமல் அனுப்பியது நல்லது. கோபத்தை மறைத்து எழுதும் கடிதங்களை நான் நாள் முழுக்கப் படிக்கிறேன், சலித்துவிட்டது.

மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. நாளைக்கு அதே கம்பெனி என் முன்னால் வந்தாலும் அதையேதான் எழுதுவேன். விபத்து நடந்த இடங்களுக்கு நான் போயிருக்கிறேன். ரோட்டில் பிரேக் பிடித்த தடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். தூங்கிவிட்டவனின் வண்டிக்குத் தடமே இருக்காது. அதைப் பார்த்த பிறகு தம்பி என்றும் பார்க்க முடியாது, வாடகை என்றும் பார்க்க முடியாது. ஆனால் உன் வீடு ஒரு அறையாகச் சுருங்கியது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் அது ஓய்வா என்று கேட்டாய். இல்லை. கடைக் காவலாளியும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சம்பளம் உண்டு. ஓய்வு என்றால் வேலை செய்யாத நேரம் என்று உன் அப்பா நினைக்கிறான், அவனைப் போலப் பலரும் நினைக்கிறார்கள். யாரும் உன்னைக் கூப்பிட முடியாத நேரம்தான் ஓய்வு. நீ எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதற்கும் பொறுப்பில்லை, கண்ணை மூடினால் திறக்க வேண்டியதில்லை. வண்டிக்குக் காவல் இருக்கும் பகல் முழுவதும் வேலை நேரம். அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் அவன் இரவு நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான். ரோட்டில் மரம் முளைக்காமல் என்ன செய்யும்?

அடுத்ததைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. தொடர்ந்து இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அரை மணி நிறுத்த வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அது சாப்பிட மட்டும் இல்லை. பழைய டிரைவர்கள் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு மிச்சத்துக்குப் பெஞ்சில் சாய்ந்துவிடுவார்கள். இருபது நிமிஷத் தூக்கம் விடியும்வரை தாங்கும். உன் அப்பா அந்த அரை மணியில் என்ன செய்கிறான்? விடுகதைக்கு விடை சொல்கிறான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அழாதே, அழுதால் தலைவலிதான் வரும். சில நாளைக்கு அந்த நேரத்தில் கூப்பிடாமல் இருந்து பார். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்து. நீயும் தூங்கு.

அத்தை


ஜூலை 6, இரவு

அத்தை,

எல்லாம் தெரிந்துவிட்டது.

நீங்கள் சொன்னதில் பாதியைத்தான் செய்தேன். கூப்பிடவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லவில்லை. சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்பார் என்று பயம். அம்மா போனைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு, போர்வைக்குள் படுத்துக்கொண்டேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படித் தூங்கினேன்.

காலையில் அப்பா தோள் பையைக்கூட இறக்காமல் நேராக என்னிடம் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் என்று நினைத்திருக்கிறார். இரவு நிறுத்தத்தில் பலமுறை கூப்பிட்டிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. வீட்டில் என்னவோ ஏதோ என்று படபடப்போடு மிச்ச தூரத்தை ஓட்டி வந்திருக்கிறார். "நேத்து ஒருநாள்தான் எனக்குத் தூக்கமே வரலை"ன்னார். பிறகு, ஏன் போன் பண்ணலை என்று கேட்டார்.

"நீங்க கொஞ்சம் தூங்கணும்னுதான்"னேன்.

"நானா? நீ தூங்கணும்னுதானே நான் முழிச்சிட்டு இருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பிறகுதான் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. முதல் தடவை நான் கூப்பிட்டபோது, புது வீட்டில் இருட்டில் பயந்துபோய்க் கூப்பிடுகிறேன் என்று அப்பா நினைத்திருக்கிறார். என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதானே கூப்பிடுவார். அன்றிலிருந்து, நான் பயம் தெளிந்து தூங்கப் போகும்வரை பேச வேண்டும் என்று, மற்ற டிரைவர்கள் பெஞ்சில் படுத்துக் குறட்டை விடும்போது இவர் மட்டும் இரண்டு டீ குடித்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் கை கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். மழையிலும் நின்றிருக்கிறார். "பாப்பாவுக்குத் தாலாட்டு பாடியாச்சா"ன்னு கிண்டல் செய்வார்களாம்.

"எனக்கு இருட்டு பயமில்லப்பா. அந்த மரம்தான் பயம்"னு சொன்னேன்.

அப்பா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் பேசினாள். "நல்ல குடும்பம். அப்பனும் மகளும் போட்டி போட்டுக் கண்ணு முழிச்சிருக்கீங்க. வண்டியில இருந்த நாப்பது பேரு மட்டும் நிம்மதியா தூங்கியிருக்காங்க."

அப்பா சிரித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. உங்கள் பெயரைச் சொன்னேன். திட்டவில்லை. "சட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சா"ன்னு மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. உங்கள் கடிதங்களை அவரே வாங்கி அலமாரி மேலே பார்சல் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

மருமகள்


ஜூலை 9

அத்தை, உங்கள் பதில் வருவதற்குள் இன்னொன்று.

அப்பாவின் கம்பெனியில் 'கண்ணாடி' என்று ஒரு டிரைவர் இருக்கிறார், மூக்குக் கண்ணாடி போட்டிருப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கு மிட்டாய் தருவார். நேற்று விடியற்காலை அவர் ஓட்டிய வண்டி ரோட்டை விட்டு இறங்கி, உழுது போட்டிருந்த வயலுக்குள் போய் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. முழங்கால் சேற்றோடு எல்லோரும் நடந்து ரோட்டுக்கு ஏறினார்களாம். வண்டியை எடுத்து வர அப்பாவைத்தான் அனுப்பினார்கள்.

அப்பா வந்து சொன்னார்: "கண்ணாடி வரப்புல உக்காந்து, நான் தூங்கலை, நான் தூங்கலைன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. யாருமே அவர கேக்கலை."

பிரேக் பிடித்த தடம் இருந்ததா என்று கேட்டேன். அப்பா அலமாரி மேலிருந்து உங்கள் கடிதங்களை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார்.


ஜூலை 14

மருமகளே,

இதில் இருக்கும் இரண்டாவது தாளை உன் அப்பாவிடம் கொடு. அவனுக்கு எழுதவில்லை, எழுதினால் படிக்க மாட்டான். உனக்கு எழுதியதுதான். அவன் எட்டிப் பார்த்தால் நான் என்ன செய்ய முடியும்?

போன தடவை சட்டம் இருந்தது, நான் இருந்தேன், டிரைவர்கள் இல்லை. வெளியிலிருந்து ஒருத்தி கேட்டால் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்விடலாம். ஓட்டுகிற எல்லோரும் சேர்ந்து கேட்டால் எந்த வண்டியை நிறுத்துவார்கள்? ஆகவே புகார் அவர்களிடமிருந்து போக வேண்டும். உங்கள் ஊர் அலுவலகத்தில் கொடுத்தால் போதும். யார் கொடுத்தது என்று கம்பெனிக்குச் சொல்லக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

என்ன கேட்பது என்பதையும் யோசிக்கட்டும். ஓவர்டைமே வேண்டாம் என்று யாரும் கேட்கச் சொல்லவில்லை. அதற்கு அனுமதி உண்டு, ஓர் அளவும் உண்டு. ஆள் சம்மதிக்க வேண்டும், சம்பளம் இரட்டிப்பாகத் தர வேண்டும். அந்த இரட்டிப்பைத் தராமல் இருக்கத்தான் பேட்டா என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நேரம் குறைந்தால் வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்பவனிடம் இதைச் சொல். தூர வண்டிக்கு இரண்டு டிரைவர், அந்த ஊரில் படுக்க ஓர் அறை, வண்டிக்குத் தனிக் காவலாள், லீவு நாள் என்றால் லீவு நாள். இவ்வளவுதான். புதிதாக எதையும் கேட்கவில்லை, ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைத்தான் கேட்கிறார்கள்.

கண்ணாடியிடம் சொல்லச் சொல், தூங்கினது அவர் குற்றம் இல்லை என்று.

அத்தை


ஜூலை 24, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

தாளை அப்பா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை டீக்கு நிறையப் பால் வாங்கி வை என்றார்.

வாசலில் அவ்வளவு செருப்பு நான் பார்த்ததில்லை. எங்கள் ஒரு அறையில் பதினோரு டிரைவர்கள். உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். யாரும் எழுப்பவில்லை. ஒருவர், "தூங்கறதுக்கெல்லாமா மனு போடுவாங்க, வெளிய சொன்னா சிரிப்பாங்க"ன்னார். இன்னொருவர், பழைய கம்பெனியில் என்ன நடந்தது தெரியுமல்லவா என்று அப்பாவைப் பார்த்தே கேட்டார்.

அப்பா நிதானமாகச் சொன்னார். "தெரியும். என் அக்காதான் எழுதினா. வேலை போச்சு. அன்னிக்கு எனக்கு வந்த கோபத்துல பாதி, அவ தனியா வந்தாளேன்னுதான். நாம யாரும் கூட நிக்கலை."

உங்களை அக்கா என்று அப்பா சொல்லி நான் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எழுதியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன்.

பேட்டா என்றால் என்ன, இரட்டிப்பு என்றால் என்ன என்று அப்பா உங்கள் தாளைப் பார்த்துச் சொன்னார். பேசிப் பேசி எல்லோரும் சம்மதித்தார்கள். ஆனால் முதல் கையெழுத்து யார் போடுவது என்று அங்கேயே நின்றுவிட்டது. முதலில் இருப்பவன்தான் மாட்டுவான் என்ற பயம். கண்ணாடிதான் எழுந்து போய் ஒரு சின்னத் தட்டை எடுத்து வந்தார். மனுத் தாளில் எழுத்துக்குக் கீழே கவிழ்த்து வைத்துப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டார். "ஸ்டியரிங்குக்கு முதல் எது, கடைசி எது? ஆளுக்கொரு பக்கமா பிடிங்க." வட்டத்தைச் சுற்றிலும் கையெழுத்துப் போட்டார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் அப்போதுதான் எழுப்பினார்கள்.

நாளைக்குக் கொடுக்கப் போகிறார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மறுபடியும் வண்டியை நிறுத்திவிட்டால்? ஆனால் நான் தூங்கிவிடுகிறேன். இன்றைக்கு மட்டும்தான் இதற்காக விழித்திருக்கிறேன்.

மருமகள்


ஜூலை 31

மருமகளே,

புகார் போய்விட்டதால் இனி அதைப் பற்றி நாம் எழுதக் கூடாது. நான் அந்தத் துறையில் இருக்கிறேன், அவன் என் தம்பி. எல்லாம் முடியும்வரை உன் பரீட்சையைப் பற்றி மட்டும் எழுது. நானும் இங்கே பெய்யும் மழையைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த வட்டக் கையெழுத்தை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு என் வணக்கம்.

மழை நன்றாகப் பெய்கிறது.

அத்தை


செப்டம்பர் 21, ஞாயிறு மதியம்

அன்புள்ள அத்தைக்கு,

மழை, பரீட்சை இரண்டும் எழுதி எழுதி எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விசாரணை முடிந்துவிட்டது, இனி எழுதலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இங்குள்ள தொழிலாளர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஷெட்டுக்கு வந்தார்கள். அந்த ஊருக்கும் போய், பகலில் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தவரிடம் பேசினார்கள். அதன்பிறகு மூன்று வாரம் அம்மா அடிக்கடி சண்டை போட்டாள், ஒன்றுமில்லாததற்கெல்லாம். ஷெட்டில் யாரும் யாரிடமும் பேசவில்லையாம். வண்டியை நிறுத்தப் போகிறார்கள் என்று வதந்தி வந்தது. ஆனால் எந்த டிரைவரும் வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. எல்லா வண்டியையும் நிறுத்த முடியாதல்லவா?

இந்த மாதத்திலிருந்து தூர வண்டிக்கு இரண்டு டிரைவர். அப்பாவோடு கண்ணாடிதான் போகிறார். அந்த ஊரில் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள், மின்விசிறி சத்தம் போடுகிறதாம், ஜன்னல் ஒன்றுதானாம். அதைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார். குறை சொல்லும்போது முகம் பளிச்சென்று இருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புப் போட்டார்கள். ஆனால் கணக்கில் தகராறு இருக்கிறது, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்றைக்கு அப்பாவுக்கு லீவு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். சற்று முன் அப்பாவின் போன் அடித்தது. மேனேஜர். பழைய பழக்கத்தில் அப்பாவை எழுப்பப் போனேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை தலைக்கு மேலே கிடந்தது. அப்படி அவர் தூங்கி நான் பார்த்தே ரொம்ப நாளாயிற்று. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அப்பாவைக் கூப்பிடும்மா. ஒரே ஒரு டிரிப்பு."

என் குரல் நடுங்கியது அத்தை, பொய் சொல்லவில்லை. "அப்பா தூங்கறாருங்க. இது அவருக்கு ஓய்வு நேரம்"னேன்.

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். பிறகு, "சரிம்மா, எழுந்ததும் சொல்லு"ன்னார். ஒரு நொடி கழித்து அவராகவே, "வேணாம், சொல்ல வேணாம். வேற ஆளப் பாக்கறேன்"னு வைத்துவிட்டார்.

உள்ளே வந்து இதை எழுதுகிறேன். பகலில் எழுதுகிறேன், கையெழுத்து நேராக இருப்பதைப் பாருங்கள்.

இரண்டு பார்சலையும் அப்பாவே எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டார். நேற்று, உங்களுக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். நீங்கள் இரவு பஸ்ஸிலேயே ஏற மாட்டீர்களாமே, எத்தனை நேரமானாலும் ரயிலில்தான் போவீர்களாமே. "எழுதணும்னா இத எழுது. இப்ப எங்க வண்டியில ரெண்டு டிரைவரு. அக்கா வேணும்னா ஏறிப் பாக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் கண் சொக்கிவிட்டது.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 27

மருமகளே,

அடுத்த மாதம் மூன்றாம் தேதி அந்த ஊர்வரை ரயிலில் போய், அங்கிருந்து உங்கள் ஊருக்கு வரும் இரவு வண்டியில் சீட்டுப் போட்டிருக்கிறேன். உன் அப்பா வண்டிதான், விசாரித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசையில் இடம் இருக்கிறது, அங்கிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே வரலாம் என்று டிக்கெட் கொடுக்கும் பையன் சொன்னான். வேண்டாம், நடுவில் ஜன்னலோரமாகக் கொடு என்று வாங்கினேன்.

காலையில்தான் வந்து சேருவேன். நீ விழித்திருக்க வேண்டாம். நிறுத்தத்தில் என்னைக் கூப்பிடவும் வேண்டாம்.

நான் தூங்கிக்கொண்டு வருவேன்.

அத்தை